நான் கீறிய வழிப்படம்

1998 ஜூன் 3, புதன்

இன்றைக்கு முப்பத்தொரு பேர். அதில் பதினெட்டுப் பேருக்கு ஒரே வருத்தம்தான்: நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற வருத்தம். அதற்கு நான் மருந்து எழுதுகிறேன். அவர்கள் மருந்தையும் உட்கார்ந்தபடியே விழுங்குகிறார்கள்.

வெள்ளவத்தை லொட்ஜுகளில் கனடாவுக்கும் லண்டனுக்கும் காத்திருக்கிற சனத்தின் தினசரி எனக்கு மனப்பாடம். காலையில் இடியப்பம். பத்து மணிக்குத் தேத்தண்ணியும் பணிஸும். மத்தியானம் சோற்றுப் பார்சல், பிறகு நித்திரை. பின்னேரம் வடை, இரவு கொத்து ரொட்டி. நடுவில் படியிறங்கி வெளிநாட்டுக்குப் போன் பேசுகிற கொமியூனிக்கேஷன் கடைக்குப் போய்ப் பிள்ளையின் போன் கோல் வரும்வரை கதிரையில் காவல். இதைத்தான் என்னிடம் தேகப்பயிற்சி என்கிறார்கள். போதாக்குறைக்கு, விசா மெடிக்கலுக்கு முதல் இரண்டு நாளில் பிரஷரை இறக்கித் தரவேணுமாம். நான் என்ன மந்திரவாதியா?

நாகேஸ்வரி அக்கா வந்தா. பிரஷர் நூற்றெண்பது. மருந்துக் குளிசையை நிறுத்தி ஒரு மாதமாம். ஏன் என்று கேட்டேன். "சரியா வந்திட்டுது எண்டு நீங்கள்தானே டொக்டர் சொன்னனீங்கள். அதுதான் விட்டிட்டன்."

குளிசை போட்டதால்தானே சரியாக வந்தது! இதை நான் இந்த வருடத்தில் எத்தனையாவது தரம் சொல்கிறேன்? நம்பர் கொடுக்கிற சிவமணி உள்ளே எட்டிப் பார்த்தாள். "கத்தாதீங்க டொக்டர், வெளிய கேக்குது." கேட்கட்டும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் கத்தினேன்.

ஜூன் 5, வெள்ளி

நமசிவாயம் வந்தார். இவரை நினைத்தாலே எனக்குப் பிரஷர் ஏறுகிறது.

அறுபத்திரண்டு வயது. கோப்பாயில் உப தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. கனடாவில் இருக்கிற மகள் அருந்ததி ஸ்பொன்சர் செய்து, அதற்காக ஜனவரியில் கொழும்புக்கு வந்து லொட்ஜில் மூன்றாம் மாடியில் இருக்கிறார். மார்ச்சில் அங்கேயே மாரடைப்பு. லொட்ஜைப் பார்க்கிற நிலாம் ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினதால் ஆள் தப்பினார். ஆனால் இதயத்தில் கால்வாசித் தசை போய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்ற ஒரே வழி, மெல்ல மெல்ல நடந்து அதைப் பழக்குவதுதான். மூன்று மாதமாகத் தொண்டை காயச் சொல்கிறேன். மனிதர் முந்நூறு அடி நடந்திருக்க மாட்டார். நிறை நான்கு கிலோ ஏறியிருக்கிறது.

"ஏன் நடக்கல்ல?"

"நடக்கத்தான் வேணும் டொக்டர்."

"அப்ப நடக்கிறதுதானே?"

"வெளியில நிலமை அப்பிடி. எங்கட ஐசி அடையாள அட்டையில யாழ்ப்பாண விலாசம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் தினமும் கொட்டாஞ்சேனையில இருந்து மூணு ஆமி சென்றி தாண்டி வாறேன். என்னை ஒருத்தனும் பிடிச்சுத் தின்னல்ல" என்றேன். அவர் சிரித்தார்.

உண்மைதானே? சென்றியில் காவல் நிற்கிற ஆமிப் பெடியனிடம் சிங்களத்தில் "என்ன மல்லி, சாப்பிட்டாச்சா?" என்று தம்பி முறை வைத்துக் கேட்டால் அவனும் சிரிப்பான், வழியும் விடுவான். எல்லாம் நாம் பேசுகிற விதத்தில் இருக்கிறது. பயம் என்பது இவர்களுக்கு நல்ல சாட்டு.

அவருடைய அட்டையில் எழுதினேன்: சொல் கேளார்.

ஜூன் 8, திங்கள்

வீட்டிலும் இதே கதை. ஹெக்டர் ஒருகொடவத்தை கொள்கலன் முற்றத்தில் நாள் முழுக்க மேசையில் இருந்துவிட்டு வந்து, இங்கேயும் ரீவிக்கு முன்னால் இருக்கிறார். இடுப்பு நாற்பது அங்குலம். டொக்டரின் புருசன்! நடக்கச் சொன்னால், "கட்டின நாள்ல இருந்து உன் பின்னாலதானே டோரின் நடக்கிறேன்" என்கிறார். பதினைந்து வருடமாக அதே பகிடி.

ஜூன் 12, வெள்ளி

நமசிவாயத்தை மடக்கிவிட்டேன்.

நேற்று வந்தவர் தானாகவே சொன்னார்: "வாயால சொன்னா எனக்குப் பதியாது டொக்டர். எழுதித் தாங்கோ, அப்பிடியே செய்வன். முப்பத்தைஞ்சு வருசம் சுற்றறிக்கையைப் பாத்துத்தான் வேலை செய்தனான்."

ஆகா, இதுதானா வேண்டியது? இன்று காலை ஐந்தரைக்கே வெள்ளவத்தைக்கு வந்து, மணிக்கூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவருடைய வழியை நானே நடந்து பார்த்தேன். லொட்ஜிலிருந்து லேன் முனைக்கு அவருடைய வேகத்தில் நான்கு நிமிடம். அங்கிருந்து தண்டவாளத்தோரம் மணல் பாதையில் றெயில்வே ஸ்டேசன் பக்கமாகப் பத்து நிமிடம். நல்ல சமநிலம், கடற்காற்று. திரும்பி வர அதே அளவு. மொத்தம் இருபத்தெட்டு நிமிடம். மாரடைப்பு வந்து மூன்று மாதமான இதயத்துக்கு இதைவிட நல்ல பாதையைக் கொழும்பில் யாரும் காட்ட முடியாது.

மத்தியானம் அதைப் படமாகக் கீறினேன். அளவு பிசகக்கூடாது என்பதற்காக, அவருடைய பழைய ஈசிஜி துண்டின் பின்பக்கத்தை எடுத்தேன். முன்பக்கத்துக் கட்டங்கள் தாளின் ஊடாகத் தெரிகின்றன. பெரிய கட்டம் ஒன்றுக்கு ஐம்பது மீற்றர். அம்புக்குறி போட்டேன். நேரங்களை எழுதினேன். ஓய்வெடுக்கிற இடங்களுக்குச் சிவப்புப் புள்ளி வைத்தேன். முக்கியமான புள்ளி தண்டவாளத்தோரத்து ஆமி சென்றிக்கு எதிரே உள்ள சீமெந்துக் கட்டு. அதன் பக்கத்தில், "2 நிமிடம் நின்று எண்ணவும்."

பின்னேரம் கொடுத்தபோது மனிதர் இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். "இவ்வளவு வடிவா ஒருத்தரும் எனக்கு எழுதித் தரேல்லை டொக்டர்" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நாளைக்கே தொடங்குகிறாராம்.

நீண்ட நாளைக்குப் பிறகு நான் ஒரு டொக்டர் என்று தோன்றியது.

ஜூன் 16, செவ்வாய்

காலையில் கிளினிக் திறக்க முதலே நிலாமின் போன்.

"டொக்டர், நேத்து விடிய சுபஹோட நடக்கப் போன மனிசன் இன்னும் வரல்ல. விசாரிச்சுப் பாத்தா ஆமி கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். பொலிசில குடுத்தீக்காங்க."

"ஏன்? என்ன பிழை செய்தார்?"

"தெரியா டொக்டர். பையில என்னமோ மெப் ஈந்திச்சாம்."

மெப். ஐயோ. நான் கீறினது. என்ர கையால கீறினது!

தண்டவாளம். ஸ்டேசன். ஆமி சென்றி. மீற்றர் கணக்கு, நிமிடக் கணக்கு, சிவப்புப் புள்ளி. யாழ்ப்பாண ஐசி வைத்திருக்கிற மனிதரின் சட்டைப் பையில். விடிய ஐந்தரை மணிக்கு. கொழும்பில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு இது ஏன் தோன்றவில்லை? பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தோன்றியிருக்குமே! எனக்கு அந்தச் சென்றி ஒரு அடையாளம். ஆலமரம் மாதிரி, தபால் பெட்டி மாதிரி. அவ்வளவுதான் நினைத்தேன். மடைச்சி.

ஜூன் 17, புதன்

பொலிசுக்குப் போனேன். மூன்று மணித்தியாலம் வாங்குப் பலகையில் இருத்திவிட்டுப் பொறுப்பதிகாரி கூப்பிட்டார். மரியாதையானவர். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. படம் மேசையில் விரித்துக் கிடந்தது. சிங்களத்தில்தான் எல்லாம்.

"இதைக் கீறியது யார்?"

"நான்தான். நான் அவருடைய டொக்டர்."

"எங்கள் காவலரணுக்கு ஏன் சிவப்புப் புள்ளி?"

"அவ்வளவு தூரத்தில் அவருக்குக் களைக்கும். ஓய்வெடுக்கிற இடம்."

"விடிய ஐந்தரை மணிக்கு ஏன்?"

"வெயிலுக்கு முதல் நடக்க வேண்டும்."

"இரண்டு நிமிடம் நின்று எதை எண்ணச் சொன்னீர்கள்?"

"நாடியை. அவருடைய சொந்த நாடியை."

அவர் அந்தப் புள்ளியில் விரலை வைத்தார். "எங்கள் ஆட்களை எண்ணவும் இரண்டு நிமிடம் போதும், டொக்டர்" என்றார்.

சனியும் ஞாயிறும் இந்த மனிதர் சென்றிக்கு முன்னால் நின்று, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ எண்ணியிருக்கிறார். திங்கட்கிழமை பிடித்துவிட்டார்கள். எழுதிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறார்.

படத்தின் மற்றப் பக்கத்தைத் திருப்பி, நெளிகோட்டைக் காட்டி, இது என்ன என்று கேட்டார் அதிகாரி. "அவருடைய இதயம்" என்றேன். நம்பினாரோ தெரியவில்லை. விசாரணை முடியட்டும் என்றார். குளிசைப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

வெளியே வருகிறபோது கம்பிக்குப் பின்னால் நமசிவாயத்தைக் கண்டேன். சட்டையில் பொத்தான் இல்லை. என்னைக் கண்டதும் எழும்பி நின்றார்.

"ரெண்டு நாள்தான் டொக்டர் முழுசா நடந்தனான். குறை நினையாதேங்கோ."

ரோட்டுக்கு வந்து அழுதேன்.

ஜூன் 18, வியாழன்

குளிசைப் பொட்டலம் அதே மேசையில், அதே இடத்தில். பிரிக்கவே இல்லை. திங்கட்கிழமையிலிருந்தே மருந்தில்லாமல் இருந்திருக்கிறார். சிங்களத்தில் எனக்குத் தெரிந்த அத்தனை சொல்லையும் சொல்லிக் கத்தினேன். கடைசியில் ஒரு கொன்ஸ்தாபிள் எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

மார்ச் மாதத்து ஆஸ்பத்திரிக் காகிதங்கள், ஈசிஜி, என்னுடைய பதிவிலக்கம், எல்லாவற்றின் பிரதியையும் கொடுத்துக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். பார்க்கலாம் என்கிறார்கள். இதயம் பார்த்துக்கொண்டு நிற்குமா?

ஜூன் 20, சனி

நிற்கவில்லை.

நேற்று விடியற்புறம் பொலிஸ் கூட்டுக்குள்ளேயே நெஞ்சு நோ. கத்திக் கூப்பிட்டும் ஒரு மணித்தியாலம் போயிருக்கிறது. பிறகு ஆஸ்பத்திரி. இரண்டாவது மாரடைப்பு.

இன்று ஆஸ்பத்திரி வார்ட்டுக்குப் போனேன். இடது கை கட்டிலோடு விலங்கிட்டிருந்தது. வலது கையில் நாடி பார்த்தேன். நூற்றுப் பதினான்கு, இடைக்கிடை தவறுகிறது. அவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். முப்பது வருடம் படித்ததும் செய்ததும் இந்தக் கட்டிலில் வந்து நிற்கிறது.

ஜூன் 25, வியாழன்

விட்டுவிட்டார்கள். குற்றமில்லை என்று முத்திரை குத்திய கடிதம் கொடுத்திருக்கிறார்கள். பதினொரு நாள் வைத்திருந்து, ஒரு இதயத்தை உடைத்துவிட்டு, ஒரு முத்திரை.

எக்கோ ஸ்கான் எடுத்துப் பார்த்தேன். இதயத்தின் பலம் சாதாரண ஆளில் பாதிக்கும் கீழே. இனி ஒவ்வொரு துளியையும் காப்பாற்ற வேண்டும்.

இரவு அருந்ததி கனடாவிலிருந்து கூப்பிட்டா. "நீங்கள்தானே டொக்டர் அப்பாவை நடக்கச் சொன்னது?"

"ஓம். நான்தான்."

அந்தப் பிள்ளை என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை, அழுதா. பிறகு, "இனி அவரை வெளியில விடாதேங்கோ. எனக்கு அவர் உயிரோட வந்து சேர்ந்தால் காணும்" என்றா.

உயிரோடு வந்து சேர வேண்டுமென்றால் அவர் நடக்க வேண்டும், பிள்ளை. இப்போது முந்தியைவிட அதிகமாக. இதை நான் எந்த வாயால் சொல்வேன்? சொல்லவில்லை. சரி பிள்ளை என்றேன்.

ஜூலை 6, திங்கள்

லொட்ஜுக்குப் போனேன். ஜன்னல் பூட்டு. திரை இழுத்து மூடிக் கிடக்கிறது. நிலாம் சாப்பாட்டை மேலே கொண்டுபோய்க் கொடுக்கிறான். குளியலறைக்குப் போவதோடு சரி. காலில் வீக்கம். இப்படியே இன்னும் இரண்டு மாதம் கிடந்தால் முடிந்தது கதை. விமானம் ஏற யாரும் விடமாட்டார்கள். அதற்கு முதல் ஆளே இருக்கமாட்டார்.

"இந்த அறைக்குள்ளயாவது நடங்க. ஒரு நாளைக்குப் பத்துத் தரம்."

"நீங்கள் சொல்லுறதெல்லாம் செய்யிறன் டொக்டர். குளிசை ஒண்டும் விடேல்லை. உப்பு விட்டிட்டன். இதை மட்டும் கேக்காதேங்கோ."

குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன்.

கிளினிக்குக்கு வந்து அவருடைய அட்டையை எடுத்தேன். சொல் கேளார் என்று எழுதியிருந்ததை வெட்டினேன். சொல் கேட்டதால்தானே இந்தக் கதி. அந்த இடத்தில் வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.

ஜூலை 9, வியாழன்

புதிதாக ஒருவர், ஐம்பது வயது, நெஞ்சு இறுக்கம். வழக்கம்போல் "தினமும் நடக்கணும்" என்று தொடங்கினேன். அவ்வளவோடு நிறுத்தினேன். குளிசை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அரைகுறை வைத்தியம்.

ஜூலை 14, செவ்வாய்

மூன்றாம் மாடி வராந்தா இருபத்திரண்டு அடி. அளந்துவிட்டேன்.

காலை ஆறு மணிக்குப் போய்க் கதவைத் தட்டி, "நடக்கச் சொல்ல வரல்ல. நான் நடக்கப் போறேன். எனக்குக் கதைக்க ஒரு ஆள் வேணும்" என்றேன். அவர் செருப்பைப் போட்டார். நான்கு தரம் போய் வந்தோம். தபால் மணியோடர்கள் எப்படி மெயில் றெயிலில் வரும் என்று சொன்னார். நாடி தொண்ணூற்றாறு. நோ இல்லை.

வீட்டில் ஹெக்டர் பிடித்துக்கொண்டார். "பதினைஞ்சு வருசமா என்னை நடக்கச் சொல்லி வாயால சொன்னே. வெள்ளவத்தைக்காரருக்கு மட்டும் பஸ் ஏறிப் போய்க் கூடவே நடக்கிறியா?" பகிடிதான். ஆனால் கேட்டது நியாயம்.

ஜூலை 20, திங்கள்

வராந்தா, ஒன்பது தரம்.

ஜூலை 24, வெள்ளி

பதினான்கு. படியில் ஒரு மாடி இறங்கி ஏறினார். கால் வீக்கம் குறைந்திருக்கிறது.

ஜூலை 27, திங்கள்

இன்று எல்லாவற்றையும் கெடுத்தேன்.

கீழே வாசல் கேற்றுவரை வந்தார். கேற்றைத் திறந்தும் விட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு ஆமி ட்ரக் லேனுக்குள் திரும்பியது. மனிதர் அப்படியே திரும்பி, படியில், என்ன வேகம்! மூன்று மாடியும் ஒரே மூச்சில். நான் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தால் கட்டிலில் இருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நாக்குக்குக் கீழே குளிசை வைத்தேன். ஐந்து நிமிடத்தில் நோ விட்டது.

விட்டதும் கத்தினேன். "கடிதம் இருக்கு! முத்திரை இருக்கு! இனி என்னத்துக்குப் பயம்? ட்ரக் வந்தா போகட்டுமே! இப்படி ஓடினா ஆமி தேவையில்ல, நீங்களே உங்களைக் கொல்லுறீங்க!"

அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். மேலதிகாரி திட்டுகிறபோது நிற்கிற மாதிரி. எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

கிளினிக்கில் சிவமணியிடம் சொல்லிப் புலம்பினேன். அவள் நம்பர் துண்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்குச் சிங்களம் தண்ணி மாதிரி டொக்டர். பொட்டும் வைக்கிறதில்ல. பாத்தா தமிழ் எண்டு ஆருக்கும் விளங்காது. நான் ஒவ்வொரு நாளும் கிராண்ட்பாஸ்ல இருந்து வரக்குள்ள, பஸ்ஸை நிப்பாட்டினா சாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் ஐசியை எடுப்பேன்."

ஒன்பது வருடமாக என்னோடு வேலை செய்கிறாள். ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 7, வெள்ளி

பத்து நாள் கேற்றுக்கு உள்ளேயே நடந்தோம். இன்று அவராகவே, "திங்கட்கிழமை பெரிய ரோட்டுக்கு, காலி வீதி முனைவரைக்கும் போய்ப் பார்ப்பமோ? நீங்கள் பக்கத்தில வந்தா" என்றார். வந்தால் என்ன, தூக்கிக்கொண்டே போவேன்.

ஆகஸ்ட் 10, திங்கள்

இன்று நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதி வைக்க வேண்டும்.

ஆறரைக்குக் கேற்றைத் தாண்டினோம். அவர் கடிதத்தையும் ஐசியையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையிலேயே பிடித்திருந்தார். லேனில் நாய் குரைத்ததற்கும் நின்றார். "நான் இருக்கிறேன், வாங்க" என்றேன். காலி வீதி முனைக்கு வந்தால், வழக்கமான பெடியன்கள் இல்லை. புது ஆட்கள். ரோட்டை மறித்து எல்லாரையும் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

என் வழக்கம்போல் சிரித்துக்கொண்டு, "என்ன மல்லி, காலையிலேயே வேலையா?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. ஐசி என்றான்.

கைப்பையைத் திறந்தேன். ஐசி இல்லை. நேற்று மாதா கோயில் பூசைக்குக் கொண்டுபோன பையில் கிடக்கிறது. வீட்டில், கொட்டாஞ்சேனையில், அலுமாரிக்குள். டொக்டர் என்றேன், ஸ்டெதஸ்கோப்பைக் காட்டினேன்.

"பெயர்?"

சொன்னேன்.

"தமிழா?"

"ஓம்."

"இவ்வளவு நல்லாச் சிங்களம் பேசுகிறாயே. எங்கே பழக்கினார்கள்?"

பள்ளிக்கூடத்தில். அடுத்த வீட்டில். கடையில். பிறந்த நாளிலிருந்து. எதைச் சொன்னாலும் மனனம் செய்த பதில் மாதிரியே என் காதுக்குக் கேட்டது. நமசிவாயத்தின் கடிதத்தை விரித்துப் பார்த்தான். முத்திரையைப் பார்த்தான். அவரைப் போகச் சொன்னான். என்னை ஓரமாக வாங்கில் இருக்கச் சொன்னான்.

"நீங்க லொட்ஜுக்குப் போங்க" என்று அவருக்குச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். போகட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவருடைய முதுகு லேனுக்குள் மறைந்தபோது நெஞ்சு வெறுமையாகிவிட்டது. பொய் சொல்லி என்ன, போகாமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

வாங்கில் எட்டுப் பேர். வெயில் முகத்துக்கு நேரே. எனக்கு வாய் காய்ந்துவிட்டது. பழக்கதோஷத்தில் என் நாடியை நானே பிடித்தேன். நூற்றிருபத்தெட்டு. இருந்த இடத்தில் இருந்துகொண்டு நூற்றிருபத்தெட்டு! விரலை எடுத்துவிட்டேன். நான் எண்ணுவதை அவர்கள் கண்டால் என்ன நினைப்பார்கள்? அந்த எண்ணம் வந்ததும் எனக்கே திடுக்கென்றது.

பக்கத்தில் இருந்த ஒரு அம்மா மெல்லக் கேட்டா: "முதல் தரமோ பிள்ளை?"

"ஓம்."

ஐம்பத்துமூன்று வயது. கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். முதல் தரம்.

எவ்வளவு நேரமோ. நிமிர்ந்து பார்த்தால், ரோட்டுக்கு மற்றப் பக்கத்தில் நமசிவாயம். மருந்துக்கடைக்கும் தையல்கடைக்கும் இடையில் நடந்துகொண்டிருக்கிறார். போகிறார், திரும்புகிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி போகிறார். நின்றால் ஏன் நிற்கிறாய் என்று கேட்பார்கள். அதனால் நிற்காமல் நடக்கிறார். ஒரு ஆமிக்காரன் கூப்பிட்டுக் கடிதத்தைப் பார்த்தான். விட்டான். அவர் ஓடவில்லை. மறுபடி நடந்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவன் கூப்பிட்டான். அவனுக்கும் காட்டிவிட்டு நடந்தார்.

எட்டேகாலுக்கு ஓட்டோவில் ஹெக்டர் வந்து இறங்கினார், வீட்டில் கட்டின சாரத்தோடு, கையில் என் ஐசி. அப்போதுதான் விளங்கியது. நமசிவாயம் லொட்ஜுக்கு ஒளிக்கப் போகவில்லை. நிலாமிடம் நம்பரை வாங்கி என் வீட்டுக்குப் போன் செய்யப் போயிருக்கிறார். செய்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்.

ஐசியைப் பார்த்து, கொட்டாஞ்சேனைப் பொலிசிலும் கேட்டு, விட்டார்கள். மன்னிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. ரோட்டைக் கடந்து அவரிடம் போனேன்.

"எத்தனை நிமிசம் நடந்தீங்க?"

"பாக்கேல்லை டொக்டர்."

"ஒன்றேகால் மணித்தியாலம்! யார் உங்களை இவ்வளவு நேரம் நடக்கச் சொன்னது? உங்கட இதயம் என்ன நிலமையில இருக்குதெண்டு தெரியுமா? நெஞ்சில நோ வரல்லையா?"

"அதையும் பாக்கேல்லை டொக்டர்."

அந்த இடத்திலேயே நாடி பார்த்தேன். நூற்றிரண்டு. ஒழுங்காக அடிக்கிறது. என்னுடையது அதைவிட மோசம். ஹெக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "வாங்க, முதல்ல தேத்தண்ணி குடிப்பம்" என்றார்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

போக விருப்பமில்லை. உள்ளதை எழுதுகிறேன். காலையில் ஹெக்டரிடம் காய்ச்சல் என்றேன். கையை வைத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லையே என்றார். பஸ்ஸிலிருந்து இறங்கிப் பத்து நிமிடம் தரிப்பிடத்திலேயே நின்றேன். காலி வீதியைக் கடக்க மனம் வரவில்லை. பிறகு கடந்தேன்.

நமசிவாயம் கேற்றுக்கு வெளியே, லேனில், சப்பாத்துப் போட்டு ஆயத்தமாக நின்றார். பிந்தி வந்ததற்கு ஒன்றும் கேட்கவில்லை. என் கைப்பையைத்தான் பார்த்தார்.

"டொக்டர், ஐசி கொண்டு வந்தனீங்களோ?"

எடுத்துக் கொடுத்தேன். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் வாசித்தார். படத்தையும் என் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சரி என்று திருப்பித் தந்தார். பிறகுதான் நடக்கத் தொடங்கினோம்.